மாடியில் "டொக், டொக்"! கீழ் வீட்டில் தூக்கம் போச்சு!

ராத்திரி மணி 11.

விளக்கை அணைச்சாச்சு. படுத்தாச்சு. கண் சொருகுகிற நேரம்.

"கிரீச்ச்ச்!"

மேல் வீட்டில் நாற்காலியை இழுக்கிறார்கள். அது அடங்கியதும் "டொக், டொக், டொக்". எதையோ இடிக்கிறார்கள். பூண்டா, மிளகா, தெரியவில்லை. இந்த நேரத்தில் யாருக்கு ரசம்?

சென்னையில் அடுக்கு மாடி வீட்டில் குடியிருக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இதே கதையைச் சொல்வார்கள். கடைசி மாடிக்காரர் மட்டும் தப்பித்தார் என்று நினைக்காதீர்கள். அவர் தலைக்கு மேலே மொட்டை மாடி. அங்கே பையன்கள் கிரிக்கெட்!

நான் மாலைப் பத்திரிகை நிருபர். விடிகாலையில் எழுந்து ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றினால்தான் மதியத்துக்குள் செய்தி கொடுக்க முடியும். ராத்திரி 10 மணிக்குப் படுக்காவிட்டால் மறுநாள் கொலைக் கேசில் பெயரை மாற்றி எழுதிவிடுவேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு சொந்தக் கோபம் உண்டு. அதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

ஸ்டேஷனில் 2 பேர்

ஒருநாள் காலை. வடசென்னையில் ஒரு போலீஸ் ஸ்டேஷன்.

பெஞ்சில் 2 பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் 50 வயதுக்கு மேல். ஒருவருக்கு சட்டை கிழிந்திருந்தது. இன்னொருவருக்கு நெற்றியில் பிளாஸ்திரி. சீட்டுப் பணத் தகராறு என்று நினைத்து நோட்டை எடுத்தேன்.

ஏட்டையா சிரித்தார். "நோட்டை உள்ளே வை தம்பி. கிரைண்டர் கேஸ்!"

சட்டை கிழிந்தவர் மளிகைக் கடைக்காரர். முதல் மாடியில் குடியிருக்கிறார். பிளாஸ்திரி போட்டவர் கிளார்க். அவருக்கு நேர் கீழ் வீடு.

கடையில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்கிறார்கள். கடையை மூடி வீட்டுக்கு வர ராத்திரி பத்தரை. அதன் பிறகுதான் இட்லி மாவு அரைக்க வேண்டும். முக்கால் மணி நேரம் கிரைண்டர் ஓடும்.

கீழ் வீட்டில் கிளார்க்கின் மாமனார். இருதய ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருந்து வந்து 15 நாள். கிரைண்டர் ஓடும்போது அவர் படுத்திருக்கும் அறையே 'கும்'மென்று அதிர்கிறதாம்.

கிளார்க் முதல் நாள் மேலே போய் பணிவாகச் சொன்னார். மூன்றாம் நாள் குரல் உயர்ந்தது. ஒரு வாரம் போனது. அன்று கிரைண்டர் ஓடத் தொடங்கியதும் அவர் மாடிக்குப் போகவில்லை. நேராக மீட்டர் பெட்டிக்குப் போனார். மேல் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து விட்டார்!

இருட்டில் மாடிப்படியில் கட்டிப் புரண்டதில்தான் சட்டையும் நெற்றியும்.

"நான் வர்றதே பத்தரை மணி. எப்போ சார் அரைக்கிறது? பசங்க காலையிலே என்ன திங்கும்?" என்றார் கடைக்காரர்.

"பெரியவருக்கு ஏதாவது ஆச்சுன்னா இவரு பதில் சொல்வாரா?" என்றார் கிளார்க்.

யார் பக்கம் நியாயம்? நீங்களே சொல்லுங்கள். எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது.

"இனிமேல் தகராறு செய்ய மாட்டோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் அனுப்பி வைத்தார்கள். அந்தக் காகிதத்தை நான் பார்த்தேன். அதில் கிரைண்டர் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை!

சட்டம் இருக்கு, ஆனால்...

"சட்டமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது.

2000-ம் ஆண்டில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டு வந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் அளவு. இரவு என்றால் 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை. சாதாரணமாகப் பேசுகிற பேச்சே சுமார் 60 டெசிபல் என்றால் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

2010-ல் இந்த விதிகளில் திருத்தம் வந்தது. குடியிருப்புப் பகுதியில் சத்தம் போடும் கட்டுமான எந்திரங்களை இரவில் ஓட்டக் கூடாது என்று சேர்த்தார்கள். வீட்டுக்குள் வைத்திருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் அளவு வைத்தார்கள்.

ஆக, மேல் வீட்டுக்காரர் நடு ராத்திரியில் பாட்டை அலற விட்டால் 100-க்கு போன் போடலாம். போலீஸ் வரும். பாட்டு நிற்கும்.

ஆனால் நாற்காலி இழுப்பதற்கு எந்த விதி? குழந்தை குதிப்பதற்கு? உலக்கைக்கு? டெசிபல் அளக்கும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஏட்டையா ராத்திரி 11 மணிக்கு உங்கள் படுக்கை அறைக்கு வந்து உட்காருவாரா? அப்படிப்பட்ட மீட்டரை நான் போய் வரும் ஸ்டேஷன்களில் ஒருநாளும் பார்த்ததில்லை.

"பொதுத் தொல்லை" என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 290. அபராதம் 200 ரூபாய் வரை. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 292-வது பிரிவு. அபராதம் 1,000 ரூபாய் வரை. ஆனால் பெயரிலேயே இருக்கிறது பாருங்கள். "பொது"! தெருவே கஷ்டப்பட வேண்டும். ஒரு கீழ் வீடு கஷ்டப்பட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போய் தடை உத்தரவு வாங்க வேண்டியதுதான். தூக்கம் கேட்டுப் போனவர் வாய்தாவுக்கு அலைய வேண்டும். இருக்கிற தூக்கமும் போகும்.

சமரசம் பேச வேறு வழி இல்லையா? சிங்கப்பூரில் 1998-ல் இருந்தே சமூக சமரச மையம் நடக்கிறது. பக்கத்து வீடு, மேல் வீடு தகராறுகளை உட்கார வைத்துப் பேசுகிறார்கள். நம் ஊரிலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கோர்ட்டில் வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்துக்கு மனு கொடுக்கலாம். கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. இதை ஸ்டேஷனில் யாரும் சொல்வதில்லை. ஏன் சொல்லக் கூடாது? எழுதி வாங்குகிற அதே காகிதத்தில் "இங்கே போங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்து விடும்?

கான்கிரீட் செய்யும் வேலை

ஒரு என்ஜினீயரைப் பிடித்து விசாரித்தேன். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு என் கோபம் கொஞ்சம் திசை மாறியது.

பேச்சுச் சத்தம், பாட்டுச் சத்தம் காற்றில் வருகிறது. கனமான கான்கிரீட் அதில் பாதிக்கு மேல் தடுத்து விடும். காலடிச் சத்தம், இடிக்கிற சத்தம் அப்படி அல்ல. அடி நேராகத் தரையில் விழுகிறது. தரையே அதிர்கிறது. மேல் வீட்டுக்குத் தரை என்பது கீழ் வீட்டுக்குக் கூரை. மேளத்துக்கு ஒரு பக்கம் அவர், மறு பக்கம் நீங்கள்!

அந்தக் காலத்து மெட்ராஸ் வீடுகளில் மரக்கட்டை போட்டு, செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை போட்டு கூரை எழுப்பினார்கள். இன்றைக்கு ஐந்து அங்குல கான்கிரீட். அதற்கு மேல் வழுவழு டைல்ஸ். பார்க்க அழகு. சத்தத்துக்கு அதைவிட நல்ல ரோடு கிடையாது.

2016-ம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித் தொகுப்பில் சத்தத் தடுப்புக்கு என்றே தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் பிளாட் வாங்குகிறவர்கள் எதைக் கேட்கிறோம்? கார் நிறுத்த இடம் உண்டா? தண்ணீர் உப்பா? வாஸ்து சரியா? "மேலே நடந்தால் கீழே கேட்குமா?" என்று யாராவது கேட்டோமா? கேட்காததைக் கட்டுகிறவர் ஏன் செய்கிறார்?

இன்னொரு விஷயம். மேல் வீடு பூட்டி இருக்கும். ஆனால் ராத்திரியில் கோலிக் குண்டு உருளுகிற சத்தம் கேட்கும். பேய் என்று மந்திரித்தவர்கள் உண்டு. வீட்டைக் காலி செய்தவர்களும் உண்டு. பேயும் இல்லை, பிசாசும் இல்லை! குழாயில் தண்ணீர் திடீரென்று நின்றாலோ, அழுத்தம் மாறினாலோ அப்படிச் சத்தம் வரும் என்கிறார்கள். அதனால் மேல் வீட்டு ஆயாவைத் திட்டும் முன்னால், அந்த வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

நானும் குற்றவாளி!

ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த வீட்டுக்கு வரும் முன் நான் இரண்டாவது மாடியில் குடியிருந்தேன். பேச்சலர். நாலரை மணிக்கு எழுவேன். பக்கெட்டைத் தரையில் வைப்பேன். இரும்புக் கட்டிலைத் தள்ளுவேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பேன்.

ஒருநாள் கீழ் வீட்டு அம்மா மாடிப்படியில் நிறுத்தினார்.

"தம்பி, நாலரை மணிக்கு நீ எந்திரிக்கிறே. நானும் எந்திரிச்சுடறேன். எனக்கு வேலை எட்டு மணிக்குத்தான்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக் கொள்வது என்று தெரியவில்லை. அன்றே பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினேன். பூட்சை வாசலில் விட்டேன். கட்டில் காலுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். செலவு ஒன்றும் பெரிதல்ல.

சத்தியமாகச் சொல்கிறேன், கீழே கேட்கும் என்று எனக்குத் தெரியாது. சத்தம் போடுகிறவன் காதில் அது சத்தமாகவே விழுவதில்லை.

அந்த அம்மா துடைப்பக் கட்டையால் கூரையில் இடித்திருந்தால்? நான் பதிலுக்கு இரண்டு இடி இடித்திருப்பேன். எனக்கு வயது அப்படி.

மேலே போய்ப் பேசுங்கள்

ஆகவே கீழ் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது: சத்தம் கேட்கிற நேரத்தில் மேலே போகாதீர்கள். அப்போது ரத்தம் கொதிக்கும். மறுநாள் சாயந்திரம் போங்கள். வெறுங்கையோடு போகாமல் நாலு வாழைப்பழம் கொண்டு போனாலும் தப்பில்லை. "சத்தம் போடறீங்க" என்று சொல்லாதீர்கள். "எங்க வீட்டுலே வந்து ஒரு நிமிஷம் நின்னு கேளுங்க" என்று கூப்பிடுங்கள். நாற்காலியை அவர் பிள்ளை இழுக்கட்டும், அவர் உங்கள் கூடத்தில் நின்று கேட்கட்டும். பத்து நாள் வாதம் செய்வதை விட இது மேல்.

மேல் வீட்டுக்காரர்களே! நாற்காலி, மேஜை கால்களுக்கு ரப்பர் குல்லாய் கடையில் கிடைக்கிறது. கிரைண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அடியில் கனமான ரப்பர் விரிப்புப் போடுங்கள். குழந்தை விளையாடும் இடத்தில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். கீழ் வீட்டுக்காரர் ஆயிரக்கணக்கில் செலவு செய்து கூரைக்கு அட்டை அடித்தாலும், அடிக்கிற இடத்தில் போடும் ஜமுக்காளத்துக்கு ஈடாகாது.

குழந்தை ஓடுவதை மட்டும் குற்றம் என்று நான் எழுத மாட்டேன். பார்க் பூட்டிக் கிடக்கிறது. தெருவில் கார் நிற்கிறது. பிள்ளைகள் எங்கே ஓடும்? எட்டு மணி வரைக்கும் ஓடட்டும்.

சங்கங்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. தமிழ்நாட்டில் 1994-ம் ஆண்டின் அடுக்கு மாடிச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் புதிய சட்டம் நிறைவேற்றினார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம் அமைத்து துணை விதிகள் எழுத வேண்டும். எழுதுகிறார்கள். நாய் வளர்க்காதே, பால்கனியில் துணி காயப் போடாதே, பேச்சலருக்கு வீடு கொடுக்காதே! ராத்திரி 10 மணிக்கு மேல் எந்திரம் ஓட்டாதே என்று எத்தனை சங்கத்தில் எழுதி இருக்கிறார்கள்? டிரில் வேலை எந்த நேரத்தில் செய்யலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டி இருக்கிறதா?

வாடகைக்காரர் பாடு இன்னும் மோசம். சங்கக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலியே கிடையாது. மேல் வீட்டில் சொந்தக்காரர், கீழ் வீட்டில் வாடகைக்காரர் என்றால் புகார் சொன்ன மறு மாதம் "வீட்டைக் காலி பண்ணிக்கோங்க". இந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு, தலைகாணியைத் தலை மேல் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். புகார் சொன்னதற்காக வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று சங்கங்கள் ஒரு தீர்மானம் போட்டால் நான் அதை இந்தப் பக்கத்திலேயே செய்தியாகப் போடத் தயார்.

கிரைண்டர் என்ன ஆச்சு?

கொஞ்ச நாள் கழித்து அந்த மளிகைக் கடைப் பக்கம் போனேன். சோப்பு வாங்குகிற சாக்கில் கேட்டேன்.

"கிரைண்டரா? அதோ பாரு தம்பி" என்று கடையின் பின்பக்கத்தைக் காட்டினார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. மதியம் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் கடையிலேயே அரைத்து விடுகிறார்கள். ராத்திரி தூக்கு வாளியில் மாவு வீட்டுக்குப் போகிறது.

"இது போலீஸ் சொன்ன யோசனையா?" என்றேன்.

"எதிர் வீட்டு ஆயா சொன்னாங்க. என் சம்சாரத்துக்கிட்டே."

"கீழ் வீட்டுக்காரர் இப்போ பேசறாரா?"

"பெரியவரு பேசறாரு. நல்லா நடக்கறாரு. வாசல்லே பார்த்தா ஒரு வார்த்தை கேப்பாரு" என்றார் கடைக்காரர். சோப்பைக் காகிதத்தில் சுற்றினார்.

"மாப்பிள்ளை மட்டும் இன்னும் அடுத்த தெருக் கடையிலேதான் சாமான் வாங்கறாரு."