தையல் நூலும் ஏலத்தில்!

திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள எச்எல்எல் லைஃப்கேர் ஆலையில் இரத்தப் பைகளும், அறுவைத் தையல் நூல்களும், காப்பர்-டி கருத்தடைச் சாதனங்களும் உற்பத்தியாகின்றன. மக்கள் பணத்தில் உருவான இந்தப் பொதுத்துறை நிறுவனத்தின் 100 சதவீதப் பங்குகளையும் நிர்வாகத்தையும் சேர்த்துத் தனியாருக்கு விற்க, 2021 டிசம்பரில் ஒன்றிய பாஜக அரசு விருப்ப விண்ணப்பங்களைக் கோரியது. கப்பல், விமானம், காப்பீடு என நீண்ட விற்பனைப் பட்டியலில் ஏழை நோயாளியின் காயத்தை மூடும் நூலும் சேர்ந்துவிட்டது.

எச்எல்எல் நட்டத்தில் மூழ்கிய நிறுவனமல்ல; லாபம் ஈட்டும் மினிரத்னா நிறுவனம். 1966இல் இந்துஸ்தான் லேட்டக்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 1969இல் பேரூர்க்கடையில் உற்பத்தியை ஆரம்பித்தது. நிரோத் ஆணுறையைத் தயாரித்த நிறுவனம் இது. 2015 முதல் அம்ரித் மருந்தகங்கள் வழியாக மருந்துகளையும் உள்பொருத்துச் சாதனங்களையும் குறைந்த விலைக்கு வழங்கிவருகிறது. 2020இல் கொரோனா தாக்கியபோது, பாதுகாப்பு உடைகளையும் வென்டிலேட்டர்களையும் கொள்முதல் செய்யும் பொறுப்பை ஒன்றிய அரசு இந்த நிறுவனத்திடமே ஒப்படைத்தது. ஆபத்துக் காலத்தில் தோள்கொடுத்த நிறுவனத்திற்கு அடுத்த ஆண்டே ஏலச்சீட்டு எழுதப்பட்டது.

விற்றே தீருவது என்றால் கேரளத்திடமே ஒப்படையுங்கள் என்றது இடது ஜனநாயக முன்னணி அரசு. மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகமான கேஎஸ்ஐடிசி வழியாக ஏலத்தில் பங்கேற்கவும் முன்வந்தது. அரசுக்கு 51 சதவீதமோ அதற்கு மேலோ உரிமையுள்ள நிறுவனங்கள் பங்கேற்க முடியாது என்று ஒன்றிய அரசு கதவை அடைத்தது. இதை எதிர்த்து முதலமைச்சர் பினராயி விஜயன் 2022 மார்ச்சில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நிலத்தை அளித்தது மாநிலம். உழைப்பைத் தந்தது அம்மண்ணின் தொழிலாளி வர்க்கம். வாங்கும் உரிமை மட்டும் தனியாருக்கா?

இதே கேஎஸ்ஐடிசி 2019இல் திருவனந்தபுரம் விமான நிலைய ஏலத்தில் பங்கேற்க அனுமதிக்கப்பட்டது. பயணி ஒருவருக்கு 135 ரூபாய் என்று அது கேட்டது; 168 ரூபாய் கேட்ட அதானி குழுமம் 2021 அக்டோபரில் நிலையத்தைக் கைப்பற்றியது. அன்று போட்டியில் வீழ்த்தினார்கள். இன்று போட்டிக்கே அனுமதியில்லை. மாநிலத்திற்குத் திறமை இல்லை என்ற வாதமும் எடுபடாது. பெல் நிறுவனத்திடமிருந்து காசர்கோடு இஎம்எல் ஆலையின் 51 சதவீதப் பங்குகளை ஏற்று, 2022 ஏப்ரல் 1 அன்று அதைத் திறந்தது கேரளம். ஒன்றிய அரசு கைவிட்ட வெள்ளூர் செய்தித்தாள் காகித ஆலையையும் ஏற்றெடுத்தது.

தையல் நூலை எந்த நிறுவனமும் செய்யலாமே, பொதுத்துறை எதற்கு என்று தாராளமயவாதிகள் கேட்கிறார்கள். விலையைப் பார்த்தால் விடை தெரியும். இதயக் குழாய் ஸ்டென்டிற்கு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு விலை நிர்ணயிக்கப்பட்டது; மருந்து பூசிய ஸ்டென்டின் விலை 29,600 ரூபாய்க்கு இறங்கியது. தையல் நூலுக்கும் ஸ்டேப்ளருக்கும் அத்தகைய உச்சவரம்பு இல்லை. ஆண்டுக்கு 10 சதவீதத்திற்கு மேல் விலையை உயர்த்தக் கூடாது என்பது மட்டுமே விதி. ஆண்டுதோறும் 10 சதவீதம் உயர்த்தினால் எட்டே ஆண்டுகளில் விலை இரு மடங்கைத் தாண்டிவிடும். சட்டத்தை மீறாமலேயே கொள்ளையடிக்கலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற அரசுக் கொள்முதல் அமைப்புகள் மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கின்றன என்பது உண்மை. ஆனால் விற்பவர் வரிசையில் லாபவெறி இல்லாத ஒரு பொதுத்துறை நிறுவனம் நின்றால்தான் அந்தப் பேரத்திற்கு வலுவிருக்கும்.

தனியாரிடம் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பெங்களூருவில் 1992இல் தொடங்கிய சூச்சர்ஸ் இந்தியா, பின்னர் ஹெல்தியம் எனப் பெயர் மாறியது. 2018இல் டிபிஜி உள்ளிட்ட முதலீட்டு நிறுவனங்களிடமிருந்து பிரிட்டனின் ஏபாக்ஸ் அதைக் கைப்பற்றியது. நிதி மூலதனத்தின் கண்ணுக்கு ஊசியும் நூலும் வாங்கி விற்கும் பண்டங்களே. காயம்பட்ட மனிதர் அதன் கணக்கில் இல்லை.

ஸ்டேப்ளரின் வரலாறு இன்னும் தெளிவானது. அறுவை ஸ்டேப்ளரின் முதல் வடிவம் 1908இல் ஹங்கேரியில் உருவானது; கையாளக் கடினமான அக்கருவியை நடைமுறைக்குரியதாக வளர்த்தெடுத்தது சோவியத் அரசின் ஆய்வு நிறுவனம். 1958இல் சோவியத் யூனியனுக்குச் சென்ற அமெரிக்க அறுவை மருத்துவர் மார்க் ராவிட்ச் அதைக் கண்டு வியந்து, ஒன்றைத் தன் நாட்டிற்கு எடுத்துச் சென்றார். 1964இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் ஒன்று அதைச் சந்தைச் சரக்காக்கியது. அந்நிறுவனம் கைமாறிக் கைமாறி இன்று மெட்ரானிக்கின் பகுதியாக உள்ளது. பொது ஆய்வில் செழித்த கருவி ஏகபோகத்தின் சொத்தாயிற்று. ஒரு நிறுவனத்தின் ஸ்டேப்ளரை வாங்கிய மருத்துவமனை, அதற்குரிய கார்ட்ரிட்ஜையும் பெரும்பாலும் அதே நிறுவனத்திடமே வாங்கியாக வேண்டும். அந்தச் செலவு இறுதியில் நோயாளியின் ரசீதில் ஏறுகிறது.

மாற்றுப்பாதைக்குரிய அறிவு திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய அரசு ஆய்வகத்தையும் ஆக்குளம் போன்ற அரசு ஆலையையும் இணைத்தால் மலிவான உள்நாட்டு ஸ்டேப்ளர் எட்டாக்கனி அல்ல. 'தற்சார்பு இந்தியா' என்று மேடையில் முழங்குவோர், தற்சார்பின் அடித்தளத்தையே விலைபேசுகிறார்கள். எச்எல்எல் நிறுவனத்தின் துணை நிறுவனம் செங்கல்பட்டில் அமைத்த தடுப்பூசி வளாகம், கொரோனா காலத்திலும் ஒரு குப்பி தடுப்பூசி தராமல் முடக்கிவைக்கப்பட்டதைத் தமிழ்நாட்டு மக்கள் மறக்கவில்லை.

எனவே இது கேரளத்தின் பிரச்சனை மட்டுமல்ல. விற்பனை முடிவை ஒன்றிய அரசு முழுமையாகத் திரும்பப் பெற வேண்டும். தையல் நூலுக்கும் ஸ்டேப்ளருக்கும் உச்சவரம்பு விலை நிர்ணயிக்க வேண்டும். செங்கல்பட்டு வளாகத்தை இயக்க வேண்டும். 2022 மார்ச் 28, 29 பொது வேலைநிறுத்தத்தில் தொழிலாளி வர்க்கம் தனியார்மயத்திற்கு எதிராக எழுப்பிய முழக்கம், அரசு மருத்துவமனை வாயில்களிலும் ஒலிக்க வேண்டும். உள்ளே தையல் போட்டுக்கொள்ளக் காத்திருக்கும் மக்களிடம், அந்த நூல் யாருடையது, நாளை யாருடையதாகப் போகிறது என்பதைக் கட்சி அணிகள் எடுத்துச்சொல்ல வேண்டும். ஆலையைக் காக்கும் போராட்டத்தின் பக்கம் அவர்களைத் திரட்ட வேறு அழைப்பு தேவையில்லை.