புயல் இல்லை, மழை இல்லை... திடீர்னு கடல் சீறுவது ஏன்? 'கள்ளக்கடல்' பற்றிய விளக்கம்

2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி 5 மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தனர். அங்கே புயல் எதுவும் இல்லை. அப்போ அந்த அலை எங்கிருந்து வந்தது?

தென் இந்தியப் பெருங்கடலில் வீசும் பலத்த காற்று கிளப்பிவிடும் நீண்ட அலைகள், ஆயிரக்கணக்கான கி.மீ. தாண்டி நம்ம கரைக்கு வரும். சொல்லாமல் வருவதால் கேரள மீனவர்கள் வைத்த பெயர் 'கள்ளக்கடல்'.

அலை எப்படி மாறுகிறது?

18 விநாடிக்கு ஒன்று என வரும் அலையை எடுத்துக்கோங்க. ஆழ்கடலில் அதன் வேகம் மணிக்கு சுமார் 100 கி.மீ. கரையருகே 5 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் 25 கி.மீ. ஆகிவிடும். முன்னால் போகும் அலை மெதுவாக, பின்னால் வருவது நெருங்க, 1 மீட்டர் அலை சுமார் 1.4 மீட்டராக எழும்பும்.

கடலடித் தரையின் மேடு பள்ளம் அலையைத் திருப்பி ஒரே இடத்தில் குவிக்கவும் செய்யும். அதனால்தான் ஒரு கடற்கரை அமைதியா இருக்கும்போதே, பக்கத்துக் கடற்கரை சீறும்.

காற்று, கடலின் ஆழம் இரண்டையும் கணினி மாதிரியில் கொடுத்து, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் இதை முன்கூட்டியே கணிக்கிறது. அந்த மே மாதமும் எச்சரிக்கை வந்திருந்தது.

அதனால, கடலில் இறங்கும் முன் வானத்தை மட்டும் பார்க்காதீங்க. எச்சரிக்கை இருக்கா என்றும் பாருங்க.