ஒரு படம்... ஒரு கதை: வங்கிக்காரர் முகம்

ஒருவர் முகத்தைப் பார்த்தே அவரிடம் பணத்தைப் போட்டு வைப்பார்களா? 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சிறு நகரங்களில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. அங்கே வங்கி நடத்தியவர் பெரும்பாலும் ஊரில் ஏற்கெனவே வேறு வியாபாரம் செய்துவந்தவர். 1765-ல் பர்மிங்காமில் ஒரு வங்கியைத் தொடங்கிய ஜான் டெய்லர் பொத்தான் தயாரிப்பவர். கூட்டாளி சாம்ப்சன் லாயிட் இரும்பு வியாபாரி. இன்றைய லாயிட்ஸ் வங்கியின் பிள்ளையார் சுழி அதுதான்!

இந்த வெளியூர் வங்கிக்காரர்கள் தங்கள் பெயரிலேயே நோட்டு அச்சடித்து, கையெழுத்துப் போட்டு வெளியிட்டார்கள். ஒரு வங்கிக்கு ஆறு பங்குதாரர்களுக்கு மேல் கூடாது என்பது சட்டம். வங்கி கவிழ்ந்தால் அவர்களுடைய சொந்த வீடு, நிலம்கூடக் கடனுக்குப் போய்விடும். ஆகவே, ஊரார் நம்பியது அந்த மனிதரைத்தான்.

அப்படிப்பட்டவர் தன் படத்தை வரையச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. ஆளுயர எண்ணெய் ஓவியம் என்றால் செலவு அதிகம், பல நாள் அசையாமல் உட்கார வேண்டும். சாக் படம் சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. இது பள்ளிக்கூட சாக்பீஸ் இல்லை. பூமியிலிருந்து வெட்டி எடுத்த கறுப்புக் கல், சிவப்புக் கல். அதைக் குச்சியாக்கி வரைந்து, சுருட்டிய காகிதத்தால் தேய்த்து நிழலை வரவழைப்பார்கள்.

இதில் கைதேர்ந்தவர் ஜான் டவுன்மன். லண்டன் ராயல் அகாடமியில் படித்தவர். கேம்பிரிட்ஜ், எக்ஸ்டர் என்று ஊர் ஊராகப் போய் வரைந்தவர். இவருடைய படங்கள் பல, ஒரு சாண் அளவுதான். ஆனால், கன்னத்தில் ரத்தம் ஓடுவது போலிருக்கும். ரகசியம் என்ன தெரியுமா? மெல்லிய காகிதத்தின் பின்பக்கத்தில் வண்ணம் பூசிவிடுவார். முன்பக்கம் அது லேசாகக் கசிந்து தெரியும். படத்தைத் திருப்பினால் வெறும் சிவப்புத் திட்டு!

முதலில் வரைந்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஓரத்தில் அந்த நபரைப் பற்றிக் குறிப்பும் எழுதி வைத்தார் மனிதர். அந்தத் தொகுப்புகளில் பல, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்திலும் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்திலும் இருக்கின்றன.

1793 பிப்ரவரியில் பிரான்ஸுடன் போர் மூண்டது. அந்தப் பீதியில் நோட்டைக் கொடுத்துத் தங்கம் கேட்டு ஜனங்கள் முண்டியடித்தார்கள். வெளியூர் வங்கிகள் டஜன் கணக்கில் கதவைச் சாத்தின. நேற்றுவரை தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னவர்களே வாசலில் நின்று சத்தம் போட்டால், உள்ளே இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

சாக் படமும் அப்படிப்பட்ட சமாசாரம்தான். காகிதத்தின் மேல் ஒட்டியிருப்பது வெறும் தூள். கண்ணாடிச் சட்டத்தை எடுத்துவிட்டு விரலால் ஒருமுறை தேய்த்தால் போதும், வங்கிக்காரரின் மூக்கு விரலோடு வந்துவிடும்.