செய்நிரலாளரும் அவை ஏறுக

மொழி என்று ஒன்று உண்டாயின் அதற்கு ஓர் அவையும் வேண்டும். பேசுவோர் தத்தம் வீட்டிலிருந்தபடியே பேசிக்கொண்டிருந்தால் மொழி சில காலம் உயிரோடிருக்கும், வளராது. வழக்கை ஒருவரோடொருவர் ஒப்புநோக்கவும், புதியதை ஆராய்ந்து கொள்ளவும், பிழையைப் பிழையென்று முகத்துக்கு நேரே சொல்லவும் பலர் ஓரிடத்திற் கூடுதல் வேண்டும். இவ்வுண்மை தமிழுக்கு மாத்திரம் உரியதன்று. மனிதர் நாவினாற் பேசாத மொழிகளுக்கும் இது பொருந்தும். கணினிக்கு ஏவல் இடுதற்கென்று ஆக்கப்பட்ட செய்நிரல் மொழிகளையே ஈண்டுக் குறிப்பிடுகின்றேன்.

'இலக்கணம் படிப்பிக்கும் பண்டிதருக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்?' என்று வாசகர் சிலர் வினாவுதல் கூடும். வினா நியாயமானதே. என்னிடம் தமிழ் படித்த மாணாக்கர் சிலர் இன்று கொழும்பிலும் பிறநாடுகளிலும் செய்நிரலாளராய்த் தொழில் செய்கின்றனர். ஊருக்கு வரும்போது வந்து பார்ப்பர். தம் தொழிலைப்பற்றியும் பேசுவர். தாம் கையாளும் மொழிக்கு ஆண்டுதோறும் மகாநாடு கூடுகிறதென்பர். "நீர் போவதில்லையோ?" என்று கேட்டால், "அங்கே பெரியவர்கள் அல்லவா பேசுவார்கள், ஐயா! நாங்கள் போய் என்ன செய்வது?" என்பர். அந்த விடை எனக்கு உடன்பாடன்று. அதனை மறுத்தற்கே இக்கட்டுரை.

பேர்ள் என்னும் மொழியை எடுத்துக்கொள்வோம். அதனை ஆக்கியவர் லரி வோல் என்னும் அமெரிக்கர். 1987ஆம் ஆண்டு டிசெம்பரில் அதனை வெளியிட்டார். அவர் பயின்றது மொழியியல். எழுத்தில்லாத மொழியொன்றைத் தேடிச் சென்று அதற்கு எழுத்தமைத்துக் கொடுக்கவேண்டுமென்று அவரும் அவர் மனைவியாரும் ஒருகாலத்திற் கருதியிருந்தனர். உடல்நலக் காரணத்தால் அது கைகூடவில்லை. மக்கள் மொழிக்கென்று தேடிய அறிவு பின்னர்க் கணினி மொழிக்குப் பயன்பட்டது. ஆதலால் பேர்ளின் இலக்கணம் நமக்கு முற்றும் அந்நியமாய்த் தோன்றாது. ஒருபொருட் பெயருக்கு முன்னே ஒரு குறி. பலபொருட் பெயருக்கு முன்னே வேறொரு குறி. இஃது ஒருமை பன்மைப் பாகுபாடு. பலபொருட் பெயர் ஒருமை வேண்டப்படும் இடத்தில் வந்து நின்றால், தன்னகத்துள்ள பொருள்களின் தொகையை மாத்திரம் சொல்லும். இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் இம்முறை நம் உரையாசிரியர்கள் நன்கறிந்தது. இப்போது கையிலிருக்கும் பொருளைப் பெயர் கூறாமலே 'அது' என்று சுட்டுதற்கும் அங்கே ஒரு குறியுண்டு. ஒரு கருமத்தைச் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு என்பது அம்மொழியார் கொண்டாடும் கொள்கை.

வழி பலவாயின், எவ்வழி எவ்விடத்துக்கு நன்று என்று துணிபவர் யார்? ஆக்கியோன் ஒருவரே எல்லாவற்றையுந் துணிதல் இயலாது. வழங்குவோர் கூடிப் பேசித்தான் துணியவேண்டும். 1997ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம், கலிபோர்ணியாவிலுள்ள சன் ஹோசே நகரில், ஓறைலி என்னும் பதிப்பகத்தார் பேர்ளுக்கு ஒரு மகாநாடு கூட்டினர். நன்றாகவே நடந்தது. ஆயினும் அத்தகைய பெருங் கூட்டங்களுக்கு நிறுவனங்களே பணங் கட்டி ஆட்களை அனுப்ப முடியும். மாணவனும் தனித்துழைப்போனும் வாயிலில் நிற்க வேண்டியதுதான். இக்குறையைக் கெவின் லென்சோ என்பவர் உணர்ந்தார். 1999ஆம் ஆண்டு யூன் மாதம் பிற்ஸ்பேர்க் நகரின் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில், குறைந்த கட்டணத்தில், தொண்டர்களின் உழைப்பைக் கொண்டு வேறொரு மகாநாட்டைக் கூட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'இன்னுமொரு பேர்ள் மகாநாடு' என்பது. அகில உலகம் என்றும் மாபெரும் என்றும் அடைமொழி அடுக்கும் நமக்கு இப்பெயர் வியப்பாயிருக்கும். பெயரிலேயே பெருமையைக் களைந்துவிட்டமையால், உள்ளே வருவோனுக்கும் கூச்சம் குறைகிறது. அடுத்த ஆண்டே ஐரோப்பியரும் இலண்டனில் அப்பெயரால் ஒரு கூட்டம் கூட்டினர்.

2000ஆம் ஆண்டு பிற்ஸ்பேர்க்கில் மீண்டும் கூடியபோது மார்க் ஜேசன் டொமினஸ் என்பவர் ஒரு புதிய வழக்கத்தைப் புகுத்தினார். ஒருவருக்கு ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் முடிந்ததும் அவர் இறங்க, அடுத்தவர் ஏறுவார். இதற்கு மின்னற்பேச்சு என்று பெயர். ஒரு மணி நேரம் பேசுதற்குப் பொருளில்லாதவனிடத்தும் ஐந்து நிமிடத்துக்குப் பொருளிருக்கும். பேச்சு நன்றாயில்லாவிடினும் அவையோர்க்கு நட்டம் ஐந்து நிமிடந்தான். இன்று பலவேறு மொழிகளின் மகாநாடுகளிலும் பிற துறையாரின் கூட்டங்களிலும் இம்முறை நிலைபெற்றுவிட்டது. புதியவன் அவையேறுதற்கு இதனினும் எளிய படியை நான் அறியேன்.

புதியவன் ஏன் அவையேற வேண்டும்? கேட்டுக்கொண்டிருந்தாற் போதாதா? இதற்கு விடை நன்னூலிலேயே இருக்கிறது. ஆசிரியன் உரைத்ததைக் குறைவறக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்குப் புலமைதான் என்று பவணந்தி முனிவர் கணக்கிடுகிறார். உடன் பயில்வோரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். நம் பாடசாலைகளில் இதனைப் பரீட்சைக்காக மனனஞ் செய்கிறோம், எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். செய்நிரலாளரின் மகாநாட்டில் இக்கணக்கு அப்படியே நடைபெறுகிறது. மண்டபத்திற் பெரியோர் பேசக் கேட்டல் முதற் கால். தாழ்வாரத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்று உடன்தொழிலாளரோடு அளவளாவுதல் இரண்டாங் கால். தானே எழுந்து பேசுதல் மற்றை அரை. 'பெரியவர்கள் பேசுவார்கள்' என்று வீட்டில் இருப்பவன் முக்காற் பங்கையும் இழக்கிறான்.

'பேச்சுக்களையெல்லாம் படம்பிடித்து வெளியிடுகிறார்களே, வீட்டிலிருந்தே பார்க்கலாமே' என்பாரும் உளர். பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அது முதற் காலை மாத்திரம் தரும். பிற்ஸ்பேர்க்கில் ஒருவன் தன் நிரலில் அகப்படாத பிழையொன்றைப் பக்கத்தில் நிற்பவனிடம் சொல்ல, அவன் 'எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது' என்று தொடங்கும் உரையாடலை எந்தப் படப்பெட்டியும் பிடிப்பதில்லை. அத்தாழ்வாரப் பேச்சுக்கும் ஒரு மரபு உண்டாயிருக்கிறது. எரிக் ஹோல்ஷர் என்பவர் 2017ஆம் ஆண்டு எழுதிப் பரப்பியது அது. நாலைந்து பேர் வட்டமாக நின்று பேசும்போது, இன்னுமொருவர் வந்து நிற்கத்தக்க இடைவெளியை எப்போதும் விட்டு நிற்கவேண்டும். ஒருவர் வந்து சேர்ந்தால் மறுபடியும் விலகி இன்னோர் இடைவெளி விடவேண்டும். வாய் திறந்த வட்டமாய் வரும் ஒரு பழைய கணினி விளையாட்டுப் பாத்திரத்தின் பெயரால் இதனைப் பக்மான் விதி என்கின்றனர். நம் இலக்கியச் சங்கங்களின் கூட்டங்களிலும் இவ்விதியைக் கைக்கொள்ளலாம். புதியவன் ஒருவன் வந்து சுவரோரம் நின்றுவிட்டுத் திரும்பிப்போவதை நாம் பார்த்ததில்லையா?

கூடுவதனால் மொழிக்கு என்ன பயன் என்பதற்கும் ஒரு சான்று கூறுவேன். 2000ஆம் ஆண்டு யூலையில், கலிபோர்ணியாவின் மொன்ரறே நகரில் நடந்த மகாநாட்டின்போது, பேர்ளில் முன்னின்றுழைத்தோர் சிலர் தனியே கூடினர். பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை. ஜோன் ஓர்வான்ற் என்பவர் எழுந்து கோப்பிக் குவளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் எறிந்து உடைத்தார். எதிலும் துணிவின்றி இப்படியே இருந்தால் மொழி அழிந்துவிடும் என்பதே அவர் வாதம். குவளை உடைத்தலை நான் ஆதரிக்கவில்லை. நம் கூட்டங்களில் அது வேண்டியதுமில்லை. அதன் பின் நடந்ததே கவனிக்கத்தக்கது. மொழியைப் புதிதாய் அமைப்பதென்று துணிந்து, அது எப்படி இருக்கவேண்டுமென்று சொல்லும்படி வழங்குவோர் எல்லோரையும் அழைத்தனர். சில மாதங்களில் 361 முன்மொழிவுகள் வந்து குவிந்தன. அவற்றையெல்லாம் ஆராய்ந்து முடித்து, முதல் நிறைவான வெளியீடு வருதற்கு 2015ஆம் ஆண்டு டிசெம்பர் ஆயிற்று. 2019ஆம் ஆண்டில் அதற்கு ராக்கு என்று தனிப்பெயரும் இட்டனர். பழைய பேர்ளும் அழியவில்லை. இரண்டும் உடன்பிறந்தார்போல் வாழ்கின்றன.

பதினைந்து ஆண்டு என்பது நீண்டகாலம். பலர் பொறுமையிழந்து வேறு மொழிகளுக்குச் சென்றனர். தொண்ணூறுகளிற் பேர்ளுக்கு இருந்த செல்வாக்கு இன்று இல்லை. இதனை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. ஆயினும் 2024ஆம் ஆண்டும் அம்மொழியார் லாஸ் வேகாஸ் நகரிற் கூடினர். கூட்டம் பெருகும்போது கூடுவது எளிது. குறையும்போதும் கூடுவதற்கு அன்பு வேண்டும். புதியவர் ஒருவருடைய வரவு மிகுதியும் விரும்பப்படுவது அத்தகைய அவையிலேதான்.

இதற்கு மறுதலையாகப் பைதன் மொழியின் கதை வளர்ச்சிக் கதை. 1994ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அதற்கு முதலிற் கூடியவர் ஏறக்குறைய இருபதின்மர். 2003இல் வோஷிங்ரனில் பைக்கொன் என்னும் பெயரால் மகாநாடு தொடங்கியது. 2024இல் அதே பிற்ஸ்பேர்க் நகரிற் கூடியபோது வந்தவர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர். முதலில் வந்த இருபதின்மரும் 'நாங்கள் போய் என்ன செய்வது' என்று இருந்திருப்பின், பின்வந்த ஆயிரங்கள் எங்கே வந்து சேர்ந்திருக்கும்?

இனி, பணமும் பயணமும். அமெரிக்காவுக்குச் செல்லும் செலவையும் விசாவுக்குக் காத்திருக்கும் நாட்களையும் எண்ணினால், நம் நாட்டு இளைஞன் தயங்குவதிற் குறை காணமுடியாது. எனினும் வாயில் ஒன்றன்று. பைதனுக்கு இந்தியாவில் 2009ஆம் ஆண்டு பெங்களூரில் மகாநாடு தொடங்கியது. ஆசிய பசிபிக் நாட்டாருக்கு 2010ஆம் ஆண்டு சிங்கப்பூரிற் தொடங்கியது. செலவு தாங்கமாட்டாதார்க்குப் பண உதவி செய்யும் வழக்கமும் இத்தகைய மகாநாடுகளில் உண்டு. கேட்பவனுக்கே அது கிடைக்கும். 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் பேர்ளாரும் பைதனாரும் இணையவழி கூடிக் காட்டினர். இவை ஒன்றும் இயலாதாயின், தன் ஊரில் அதே மொழியை வழங்குவோர் ஐவரைத் தேடிப்பிடித்து மாதம் ஒருமுறை கூடுதற்குச் செலவு தேநீர்க் காசு மாத்திரமே.

ஆங்கிலத்திற் பேச நாணுவோரும் உளர். அம்மகாநாடுகளுக்கு வருவோர் பலதேயத்தார். ஆங்கிலத்தைப் பின்னாளிற் கற்றுக்கொண்டோர் அவருட் பலர். அங்கே உச்சரிப்பு நோக்கி எவரும் புள்ளியிடுவதில்லை. நிரல் சரியாக ஓடுகிறதா என்பதையே நோக்குவர்.

என்ன பேசுவது? தமிழாசிரியன் என்ற முறையில், கட்டுரை எழுதும் மாணாக்கனுக்குச் சொல்வதையே இங்கும் சொல்வேன். பெரிய பொருளைத் தேடாதே. உனக்கு நேர்ந்ததைச் சொல். எதைச் செய்ய முயன்றாய்? எங்கே தடைப்பட்டாய்? எவ்வாறு தடை நீங்கிற்று? இம்மூன்றுக்கும் விடை சொல்ல ஐந்து நிமிடம் போதும். தமிழ் எழுத்தைக் கணினியில் வரிசைப்படுத்தும்போது நீ பட்ட பாடு அமெரிக்கனுக்குத் தெரியாது. 'கொ' என்பது நமக்கு ஓரெழுத்து. கணினியோ அதனை ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகளாக எண்ணும். சொல்லின் எழுத்தை எண்ணச் சொன்னால் நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் விடை ஒன்று, செய்நிரலின் விடை வேறொன்று. இதனை அந்த அவையிற் சொல்லத்தக்கவர் நம்மவரன்றி வேறு யார்?

நூலொன்றின் பாயிரத்திற் கூறத்தக்கவற்றுள், அந்நூல் அரங்கேறிய களமும் ஒன்று என்று நம் முன்னோர் வைத்தனர். எழுதியவன் பெயர் மாத்திரம் போதாது. எந்த அவை கேட்டது என்பதும் தெரியவேண்டுமென்று கருதினர் போலும். செய்நிரலாளரும் ஒருவகை நூல் எழுதுவோரே. ஆனால் அவர்களுட் பலருடைய ஆக்கம் நிறுவனத்தின் சுவர்களுக்குள்ளே பிறந்து அங்கேயே முடிந்துபோகிறது. செய்தவன் பெயரும் தெரிவதில்லை. கேட்ட அவையும் இல்லை. இஃது அவர்க்கும் இழப்பு, அவர் வழங்கும் மொழிக்கும் இழப்பு.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவரை வகுப்பில் ஐந்து நிமிடம் எழுந்து நின்று, தாம் எழுதிய செய்நிரலைப்பற்றித் தமிழிலேயே பேசச் செய்யுங்கள். இன்று வகுப்பிற் பேசிப் பழகியவன் நாளை சிங்கப்பூரிலும் பிற்ஸ்பேர்க்கிலும் பேசுவான். செய்நிரலாளராகிய இளைஞர்க்கு நான் சொல்வது இவ்வளவே: உம்முடைய மொழிக்கு அடுத்த மகாநாடு எங்கே, எப்போது என்று விசாரியும். பேச விரும்புவோர் எழுதுக என்று அவர்கள் அழைப்பு விடுப்பார்கள். அவ்வழைப்பு உமக்கும் உரியது. எழுதி அனுப்பும்.