கண்டுபிடிப்பு என்ற சொல்லைச் சாப்பாட்டுக்கடையிலிருந்து எடுத்துவிடுவோம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், மூன்று ஆண்டுகளாக நான் காலை உணவு உண்ணும் கடை ஒன்று உண்டு. பெயர்ப்பலகை கிடையாது. நான்கு பெஞ்சு, ஒரு விறகடுப்பு, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒரு பற்று நோட்டு. எல்லைப்புறத் தமிழின் உணவுச் சொற்களைத் தொகுக்கப் போனவன், பிறகு பசிக்காகவே போகத் தொடங்கினேன்.

சென்ற மாதம் அந்தக் கடை ஓர் உணவுக் காணொளியில் வந்தது. தலைப்பு: ‘யாரும் அறியாத பொக்கிஷத்தைக் கண்டுபிடித்தோம்’. அடுத்த வாரம் போனபோது கடைக்கார அக்கா சட்னிக்குத் தாளித்துக்கொண்டே சொன்னார்: “என்னையக் கண்டுபுடிச்சுட்டாங்களாமா கண்ணு. நான் எப்பத் தொலஞ்சு போனேன்?”

உணவு எழுத்து, உணவுக் காணொளி ஆகியவை பற்றி இத்துறையில் நான் படித்த கட்டுரைகள் பலவற்றைவிட இந்த ஒரு வாக்கியம் துல்லியமானது. அதன் இலக்கணத்தைச் சற்று விரித்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம். பதிவு நீளமானது, உடன்படாதவர்கள் இறுதிவரை படித்துவிட்டு மறுக்க வேண்டுகிறேன்.

முதலில், ‘யாரும் அறியாத’ என்ற தொடர். தமிழில் ‘யாரும்’ என்பதற்கு விலக்கில்லை. உலகத்தார் அனைவரையும் அது உள்ளடக்கும். ஆனால் அந்தக் கடையின் பற்று நோட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. தென்னையேறுபவர்கள், வயல் வேலைக்குச் செல்லும் பெண்கள், பேருந்து நடத்துநர், பள்ளிக்கூடத்துக் காவலாளி. இவர்கள் அனைவரும் அறிந்த ஒன்றை ‘யாரும் அறியாதது’ என்று சொல்ல வேண்டுமானால், இவர்களை ‘யாரும்’ என்பதற்குள் சேர்க்காமல் விட்டால்தான் முடியும். ‘கண்டுபிடி’ என்ற வினை, எழுவாய் யார் என்று சொல்லும். அதுவரை யாருக்குத் தெரியாமல் இருந்தது என்பதைச் சொல்லாமலே நழுவிவிடும். எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொன்னால் அது நேர்மையான வாக்கியம். யாருக்கும் தெரியாமல் இருந்தது என்றால் அது பிறருடைய அறிவை இல்லாததாக்கும் வாக்கியம்.

இரண்டாவது, அக்காவின் ‘ஆமா’. கொங்குப் பகுதியில் வினைமுற்றின் இறுதியில் ஒட்டும் இந்த ‘ஆமா’, எழுத்துத்தமிழில் நாம் அறிந்த ‘ஆம்’ என்பதன் உறவுதான். இது நானே கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்பதைப் பேச்சிலேயே அடையாளப்படுத்தும் உருபு. காணொளியைப் பற்றிப் பேசும்போதுகூட அக்கா தம் கூற்றுக்கும் பிறர் கூற்றுக்கும் கோடு போட்டுவிட்டார். காணொளியோ, அந்தக் கடைக்கு ஒரு பரம்பரையையும் ஓர் ‘இரகசியச் செய்முறை’யையும் வழங்கியது, எங்கும் ஓர் ‘ஆம்’ இல்லை. அக்கா பத்து நிமிடம் பேசினாராம். ஒளிபரப்பானவை சில நொடிகள், அவற்றின்மேலும் இசை. பிறர் சொன்னதற்குச் சான்று காட்டும் ஒழுக்கம் பெஞ்சுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இது ஒரு கடையோடு முடியும் செய்தியாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். இதே பகுதியிலுள்ள ராமசேரி இட்லியை எடுத்துக்கொள்வோம். எலப்புள்ளியை அடுத்த அச்சிற்றூரில் இட்லித் தட்டு கிடையாது. மண்சட்டியின் வாயில் நூலால் வலை பின்னி, அதன்மேல் துணி விரித்து மாவை ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டிகளை அடுக்கி ஆவியில் வேகவைப்பார்கள். குழியச்சு இல்லாததால் இட்லி தட்டையாக, தடித்த தோசை போல வரும். எண்ணெயில் குழைத்த பொடி அதற்கு இணை. காஞ்சிபுரத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்தவர்கள் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் முதலியார் குடும்பங்களின் கைவேலை இது. இன்று அதைத் தொடர்பவை ஒருசில குடும்பங்கள் மட்டுமே.

இந்த இட்லியைப் பற்றிய காணொளிகளில் இருவகை உண்டு. ஒருவகை, இதைக் ‘கலப்பற்ற கேரள உணவு’ என்று அறிவிக்கும். சமைப்பவர்கள் வீட்டுக்குள் பேசும் தமிழ் அதற்குக் கேட்காது. மறுவகை தமிழ்நாட்டிலிருந்து வரும். ‘இது நம்ம இட்லி, இவர்கள் வைத்துக்கொண்டார்கள்’ என்று மீசை முறுக்கும். இரண்டாம் வகைக்கு நம் நண்பர்கள் பலர் விருப்பக்குறி இடுகிறார்கள் என்பதால் அதைத்தான் முதலில் கண்டிக்கிறேன். காஞ்சிபுரத்து நினைவு ஒருபுறம் இருக்கட்டும். சட்டியை வனைந்தவர் இங்குள்ள குயவர். நெல் இங்குள்ள வயலுக்குரியது. சாப்பிட்டுச் சாப்பிட்டு அதை வாழவைத்தவர்கள் மலையாளம் பேசியவர்களும் தமிழ் பேசியவர்களும் ஆவர். பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூரோ கொச்சி அரசின் பகுதியாக இருந்து திருவிதாங்கூர்-கொச்சிக்குப் போனது. எல்லைக்கோடு இத்தனை முறை இடம்மாறிய நிலத்தில், ஓர் இட்லியை ஒரு மாநிலத்தின் பெயரில் பட்டா போடுவது வரலாற்றறிவு ஆகாது.

சொற்களும் இதையே சொல்கின்றன. இடுக்கியின் வடகிழக்கு மூலையில் மறையூர். அங்குக் கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கையால் உருட்டும் வெல்லத்திற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையாளத்தில் அது ‘சர்க்கர’. உடுமலைப்பேட்டை வழியாக வரும் தமிழ்ப் பயணி அப்பலகையைப் பார்த்து, வெல்லத்தைப் போய்ச் சர்க்கரை என்கிறார்களே என்று சிரிக்கும் காணொளி ஒன்றைக் கண்டேன். அவர் வீட்டில் தைப்பொங்கலன்று வைப்பது சர்க்கரைப்பொங்கல். அதில் விழுவது வெல்லம். கொங்குநாட்டுக் கடைகளில் ‘நாட்டுச்சர்க்கரை’ என்று கேட்டால் வெள்ளைச் சீனி தரமாட்டார்கள். அதாவது, மலையாளத்தில் பொதுவழக்காக நிற்கும் பொருள் தமிழில் தொகைச்சொற்களுக்குள் பத்திரமாக இருக்கிறது. சிரிப்பதற்கு அங்கு ஏதுமில்லை; கற்பதற்கு நிறைய இருந்தது. கற்பதற்குக் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘கண்டுபிடிப்பவர்’ கேள்வி கேட்பதில்லை, அறிவிக்கிறார்.

இனி மூணாறு. உணவுக் காணொளியில் மூணாறு என்றால் மூடுபனி, கண்ணாடிக் குவளையில் தேநீர், ‘இந்தச் சூழலுக்கே இது தனிச்சுவை’ என்ற வாக்கியம். அந்தத் தேயிலையைக் கிள்ளும் பெண்களில் பெரும்பாலோர், கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஆங்கிலத்து ‘லைன்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த ‘லயம்’ என்பதே இன்றும் அவர்கள் முகவரி. 2015 செப்டம்பரில், போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, தொழிற்சங்கத் தலைமைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு இப்பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். அப்போது ஒரு நாள் கூலி 232 ரூபாய். தம் அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பெம்பிளை ஒருமை’. தமிழிலக்கணத்தில் ஒருமை என்றால் ஒன்று, மலையாளத்தில் ஒற்றுமை. ஆயிரக்கணக்கானோர் ஒருமையானதை இரு மொழியும் சேர்ந்தே சொல்லின. 2020 ஆகஸ்டு 6 அன்று இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் மாண்டார்கள். அப்பகுதியை ஒட்டிய சாலையில் இன்றும் தேநீர்க் காணொளிகள் எடுக்கப்படுகின்றன. எடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு குவளைத் தேநீரின் ‘கதையைச் சொல்கிறேன்’ என்று தொடங்கிவிட்டு, கிள்ளிய கையையும் அதன் கூலியையும் அக்கதையிலிருந்து விட்டுவிடுவதைத்தான் கேட்கிறேன்.

இது நம்முடைய தனித்த நோயன்று. பிலிப்பைன்ஸில் ‘துரோ-துரோ’ என்றொரு வகைக் கடை உண்டு. தகாலோக் மொழியில் ‘துரோ’ என்றால் சுட்டுதல். சட்டிகள் வரிசையாக இருக்கும். வேண்டியதைச் சுட்டிக்காட்டினால் தட்டில் வரும். சொல்லே தேவையில்லை. பசித்தவனுக்கு அது வசதி. எழுத வருபவனும் சுட்டுவதோடு நிறுத்திக்கொண்டால்தான் சிக்கல். அந்நாட்டின் ‘சிசிக்’ என்ற பன்றியிறைச்சி உணவை இன்று உலகப் பயணிகள் புதிதாகக் கண்டதுபோல் கொண்டாடுகிறார்கள். 1732ஆம் ஆண்டுக் கபம்பாங்கான் அகராதியிலேயே அச்சொல் இருக்கிறது. அப்போது அது பச்சைப் பப்பாளியையோ கொய்யாவையோ காடி, உப்பு, பூண்டு சேர்த்துப் பிசைந்த பதார்த்தம். இன்றைய இறைச்சி வடிவுக்கு ஆஞ்சலஸ் நகரத்து இரயில் பாதையோரக் கடைக்காரர் லூசியா குனானன் பெயரைச் சொல்கிறார்கள். டோரீன் ஃபெர்னாண்டஸ் போன்ற ஆய்வாளர்கள் தெருவோர உணவையும் சமைத்தவரையும் சொல்லின் வரலாற்றையும் ஒருசேர வைத்து எழுதிக் காட்டியிருக்கிறார்கள். எளிய கடையைப் பற்றி மரியாதையோடு எழுத முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான வாதம் ஒன்றுண்டு, அதை மறைக்கவில்லை. ‘காணொளியால் வியாபாரம் பெருகுகிறது, அழிந்துபோகவிருந்த தொழில் பிழைக்கிறது, கடைக்காரருக்கு வராத வருத்தம் ஆய்வாளனுக்கு ஏன்?’ உண்மைதான். ராமசேரியின் சட்டி அடுப்பில் இருப்பதற்கு வெளியூர்க் கூட்டமும் ஒரு காரணம். அக்காவும் வருமானத்தை வெறுக்கவில்லை. ஆனால் காணொளிக்குப் பின் அவர் கடையில் எட்டு மணிக்குள் மாவு தீர்ந்துவிடுகிறது. ஒன்பது மணிக்கு வயலிலிருந்து வருபவர்கள் வெறும் டீயோடு திரும்புகிறார்கள். கார்களில் வருபவர்கள் உடனே காசு தருவார்கள். பற்று நோட்டுக்காரர்கள் சனிக்கிழமை தருவார்கள். யாரை முதலில் உட்காரவைப்பது என்பது அவருக்குக் காலைதோறும் எழும் தருமசங்கடம். கூட்டம் ஆறு மாதத்தில் அடுத்த ‘பொக்கிஷத்துக்கு’ நகர்ந்துவிடும். அன்று அந்த நோட்டில் எத்தனை பெயர் மிஞ்சியிருக்கும்? வருமானம் வந்ததைக் காட்டும் வாதம், இக்கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும்.

இறுதியாக நம்மவர்களுக்கு. காணொளிக்காரர்களைப் பழிப்பது எளிது. அவர்கள் நம்மிடமிருந்துதான் கற்றார்களோ என்று எனக்கு ஐயம். ‘இதுவரை ஆராயப்படாத’ என்று தொடங்காத ஆய்வு முன்மொழிவு நம் துறைகளில் எத்தனை? ஊரார் அறிந்த சொல்லை ‘சேகரித்து’, ‘தரவு’ என்று பெயர் மாற்றி, சொன்னவரைத் ‘தகவலாளி 7, பெண், 58’ என்று எண்ணாக்குகிறோம். பெயரை மறைப்பது பாதுகாப்புக்கு, சரி. மறைக்கலாமா என்று அவரைக் கேட்டோமா? என் முதலாண்டுக் களக்குறிப்பில், ‘இக்கடையை நான் கண்டறிந்தேன்’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை அடித்துவிட்டேன். அடித்தது தெரியும்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

ஆகவே சில வேண்டுகோள்கள். எல்லைப்புற உணவு பற்றிய காணொளியை இனவரைவியல் சான்றாக ஆய்வேட்டில் சேர்க்கும் முன், அதில் சமைத்தவர் தம் மொழியில் பேசியிருக்கிறாரா என்று பாருங்கள். ‘பாரம்பரியம்’, ‘கலப்பற்ற’ என்ற அடைமொழிகள் யாருடைய கூற்று என்று குறியுங்கள். கேட்டதென்றால் ஓர் ‘ஆம்’ சேருங்கள். பெயரையும் முகத்தையும் போடுமுன் கேளுங்கள். வேண்டாம் என்றால் கடையின் இடத்தையும் சொல்லாதீர்கள். இப்பதிவில் கடையின் பெயரும் ஊரும் இல்லாததற்குக் காரணம் அதுவே. அக்கா வேண்டாம் என்றார்.

நேற்று நான் போனபோதும் மாவு தீர்ந்திருந்தது. டீ மட்டும் குடித்தேன். சில்லறை இல்லை. “அதனாலென்ன கண்ணு” என்று சொல்லி, நோட்டை எடுத்து என் பெயரை எழுதினார். அறிந்தவர்கள் பட்டியலில் நான் மிகவும் பிந்தியவன்.