முதியோரின் சேமிப்பை முடக்கும் பாலிசிகள்: ஏமாந்தவர் ஏன் வாய் திறப்பதில்லை?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024-25 ஆண்டறிக்கையைப் பார்ப்போம். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் மீது அந்த ஆண்டில் வந்த புகார்கள் 1,20,429. முந்தைய ஆண்டிலும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆனால் அவற்றுள் 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்ற பிரிவில் பதிவானவை மட்டும் 23,335-லிருந்து 26,667 ஆகக் கூடியிருக்கின்றன. பொய் சொல்லியோ, உண்மையை மறைத்தோ, பொருந்தாத பாலிசியைத் தலையில் கட்டினார்கள் என்ற புகார்கள் இந்தப் பிரிவில்தான் சேரும். மொத்தத்தில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

இதை அரசும் அறியாமல் இல்லை. வயது 75-ஐக் கடந்தவர்களுக்குக்கூட ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகள் விற்கப்படுவதைச் சுட்டிக்காட்டி மத்திய நிதி அமைச்சகம் சில ஆண்டுகளுக்கு முன் பொதுத்துறை வங்கிகளை எச்சரித்தது. 2024 நவம்பரில் மும்பையில் ஸ்டேட் வங்கி நடத்திய மாநாட்டில் பேசிய நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன், வங்கிகள் காப்பீட்டைத் தவறாக விற்பதைக் கண்டித்து, தங்கள் அடிப்படை வேலையில் கவனம் செலுத்தும்படி சொன்னார்.

மேலே சொன்ன எண்கள் புகார் கொடுத்தவர்களின் கணக்கு. புகாரே கொடுக்காமல் மனதுக்குள் வைத்துக் குமைந்துகொண்டிருப்பவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர்களில் நம் சமுதாயப் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு நமக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

வலை எப்படி விரிக்கப்படுகிறது?

நாம் வாழும் எம்.கே.பி. நகரும் அதை ஒட்டிய வியாசர்பாடி, கொடுங்கையூர் பகுதிகளும் உழைப்பாளிகளின் ஊர். துறைமுகம், பெரம்பூர் ஐ.சி.எஃப்., எண்ணூர் அசோக் லேலண்ட், திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப். என்று வடசென்னையில் 30, 35 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் பல தெருக்களில் இருக்கிறார்கள். வளைகுடாவில் வாலிபத்தைக் கழித்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. ஓய்வுபெறும்போது மொத்தமாகக் கையில் வரும் பணம் அவர்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வரும். ஹஜ் செலவு, மகளின் திருமணம், மனைவியின் மருந்துச் செலவு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும்.

அந்தப் பணம் கணக்கில் விழுந்த செய்தி முதலில் தெரிவது வங்கிக்குத்தான். பணத்தை டெபாசிட் செய்யலாமா என்று விசாரிக்கப் போகும் பெரியவரைத் தனியே உட்காரவைத்து, "பாய், இது டெபாசிட்டை விட நல்ல திட்டம். ஒரு முறை போட்டால் போதும்" என்கிறார்கள். கையெழுத்து வாங்குகிறார்கள். "கம்பெனியிலிருந்து போன் வரும், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்" என்றும் சொல்லித் தருகிறார்கள். படிவத்தில் ஓய்வு பெற்றவர் 'வியாபாரி' ஆகிவிடுகிறார். வருட வருமானம் என்ற இடத்தில் ஏதோ ஒரு பெரிய தொகை நிரப்பப்படுகிறது.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. பெரியவரின் வயது பாலிசிக்கு ஒத்துவராவிட்டால், மகனின் உயிருக்கோ பேரனின் உயிருக்கோ பாலிசி போட்டு, பணத்தை மட்டும் பெரியவரிடம் வாங்குவார்கள். "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்காரிக்குப் பணம் வரும்" என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். அவர் மவுத்தானாலும் அந்தப் பாலிசியில் காப்பீட்டுத் தொகை வராது. ஏனென்றால் அது அவருடைய உயிருக்கு எடுத்த காப்பீடே அல்ல.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 18,000 ரூபாய் ஓய்வூதியம் வாங்கும் ஒருவரிடம், வருடம் 2 லட்சம் வீதம் 10 வருடம் கட்டவேண்டிய பாலிசி விற்கப்படுகிறது என்று வையுங்கள். அவருடைய வருட ஓய்வூதியமே 2,16,000 ரூபாய்தான். இரண்டாம் வருடம் பிரீமியம் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்போதுதான் இது ஒரு முறை கட்டும் திட்டம் அல்ல என்று அவருக்குத் தெரிகிறது. கையில் இருந்ததைத் திரட்டி இன்னொரு 2 லட்சம் கட்டுகிறார். மூன்றாம் வருடம் முடியவில்லை. 2024 அக்டோபருக்கு முன் இருந்த விதிப்படி, முதல் வருடத்தோடு நிறுத்தியவருக்கு இத்தகைய பாலிசியில் ஒன்றுமே திரும்ப வராது. இரண்டு வருடம் கட்டியவருக்கு உறுதியான சரண்டர் மதிப்பு கட்டிய பிரீமியத்தில் 30 சதவீதம். அதாவது 4 லட்சத்துக்கு 1,20,000 ரூபாய். மீதி 2,80,000 போனது போனதுதான்.

2024 அக்டோபர் 1 முதல் வந்த புதிய விதியில், முதல் வருடப் பிரீமியம் கட்டியிருந்தாலே பாலிசி ஓராண்டு முடிந்ததும் ஓரளவு தொகை திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது. இது நல்ல மாற்றம்தான். ஆனாலும் போட்ட பணம் முழுதாக வரும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஏன் இதையே விற்கிறார்கள்?

விடை கமிஷனில் இருக்கிறது. 2023 ஏப்ரலுக்கு முன் இருந்த விதிகளின்படி, ஒரே முறை பணம் கட்டும் சேமிப்புப் பாலிசியில் விற்றவருக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான். ஆனால் 12 வருடமோ அதற்கு மேலோ பிரீமியம் கட்டவேண்டிய பாலிசியில் முதல் வருடப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கொடுக்கலாம். அதன்பின் அந்தத் தனித்தனி உச்சவரம்பும் எடுக்கப்பட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்குத்தான் வரம்பு என்றானது. ஒரு முறை போட வந்தவரை ஏன் பத்து வருடத் திட்டத்தில் தள்ளுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நம் எதிரே உட்கார்ந்து விற்கும் ஊழியருக்கும் மேலிடத்திலிருந்து மாத இலக்கு என்ற கத்தி தொங்குகிறது.

மோனிகா ஹலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் ஆகிய மூவர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, 2004-05 முதல் 2011-12 வரை இப்படி விற்கப்பட்ட பாலிசிகளால் இந்திய மக்கள் இழந்தது சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஆக, எங்கோ ஓரிரு ஏஜென்டுகள் செய்யும் தவறு என்று இதை ஒதுக்க முடியாது.

நம் பேணுதலே தூண்டிலாகிறது

இப்போது நம் சமுதாயத்துக்கு வருவோம். வட்டிக்குப் பயந்து வங்கி டெபாசிட்டைத் தவிர்க்கும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய. அல்லாஹ் அவர்களின் பேணுதலை ஏற்றுக்கொள்வானாக. விற்பவருக்கும் இது தெரியும். எனவே, "இது வட்டி இல்லை பாய், போனஸ். லாபத்தில் பங்கு" என்று பேச்சைத் திருப்புகிறார். வட்டிக்குப் பயந்த மனிதர் அந்த ஒரு சொல்லில் நிம்மதியடைந்து கையெழுத்து போட்டுவிடுகிறார்.

பெயரை மாற்றியதால் பொருள் மாறிவிடாது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985 டிசம்பரில் ஜித்தாவில் எடுத்த தீர்மானத்தில், நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீடு ஷரீஅத்தில் கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீடே மாற்று என்றும் அறிவித்தது. அந்தத் தகாஃபுல் முறையில் இயங்கும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் இந்தியாவில் இல்லை. ஆகவே 'இது ஹலால் பாலிசி' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடலாம். 'ஹலால்' என்ற சொல்லை நம்பி, 2019-ல் பெங்களூரின் ஐ மானிட்டரி அட்வைசரி நிறுவனத்தில் பணத்தைப் போட்டு நடுத்தெருவுக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களை நாம் மறக்கவில்லை.

பின்னால் உண்மை தெரியவரும்போதுதான் பெரிய துயரம். பிள்ளைகளிடம் சொன்னால், "எங்களைக் கேட்காமல் ஏன் போட்டீர்கள்?" என்பார்கள். பள்ளிவாசலில் சொன்னால், "இன்சூரன்ஸ் கூடாது என்று தெரியாதா?" என்பார்கள். இரண்டுக்கும் அஞ்சிப் பெரியவர் மௌனமாகிறார். கூடாத காரியத்தில் போன பணம், கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறார். புகார் கொடுக்கும் காலக்கெடு அந்த மௌனத்திலேயே கழிந்துபோகிறது.

இந்த எண்ணம் தவறு. மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. வட்டியைக் கடுமையாகக் கண்டிக்கும் அதே இடத்தில், அல்பகரா அத்தியாயத்தின் 279-ஆம் வசனத்தில், திருந்தியவருக்கு அவருடைய மூலதனம் உரியது என்று அல்லாஹ் தீர்ப்பளிக்கிறான். அநீதி செய்யவும் கூடாது, அநீதிக்கு உள்ளாகவும் கூடாது என்பதே அதன் கருத்து. வட்டியில் தெரிந்தே இறங்கியவருக்கே முதலைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு என்றால், வஞ்சகத்தால் இழுக்கப்பட்டவருக்கு ஏன் இருக்காது? போட்ட பணத்தைக் கேட்டுப் பெறுவது அவர் உரிமை. முதலுக்கு மேல் ஏதாவது வந்தால் நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். விவரத்தை மஹல்லா ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குற்றம் யாருடையது என்பதிலும் நமக்குக் குழப்பம் வேண்டாம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மறைத்து வைத்த வியாபாரியைத்தான் கண்டித்தார்கள். வாங்க வந்தவர்களை அல்ல. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துபோன ஒரு தோழருக்கு, 'ஏமாற்று இருக்கக்கூடாது' என்று நிபந்தனை சொல்லி வாங்கும்படி கற்றுக்கொடுத்து, மூன்று நாள் அவகாசமும் கொடுத்ததாக அறிவிப்பு இருக்கிறது. ஃபிக்ஹ் நூல்கள் இதை 'கியார்' என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. அந்தத் தோழரைப் பார்த்து, 'ஏன் ஏமாந்தாய்?' என்று யாரும் ஏசவில்லை. அவருக்குப் பாதுகாப்புதான் கொடுக்கப்பட்டது.

இன்று நம் கையில் உள்ள அவகாசம்

நாட்டின் சட்டமும் இப்படி ஓர் அவகாசத்தைத் தருகிறது. 'ஃப்ரீ லுக்' என்று பெயர். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், முத்திரைத்தாள் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, அந்தச் சில நாட்களுக்கான காப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துவிட்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும். பத்திரம் இப்போது மின்னஞ்சலிலும் வருகிறது. மின்னஞ்சலே பார்க்காத பெரியவருக்கு வந்ததே தெரியாது. விற்றவரும், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று நாளைக் கடத்துவார். எனவே உடனே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள்.

30 நாள் கடந்துவிட்டாலும் வழி அடைபடவில்லை. முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். என்ன சொல்லி விற்றார்கள், படிவத்தில் எது பொய்யாக நிரப்பப்பட்டது என்பதைத் தேதியோடு எழுதுங்கள். நிரப்பிய படிவத்தின் நகலையும், கம்பெனி செய்த சரிபார்ப்பு அழைப்பின் பதிவையும் கேளுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்திலோ, 155255 என்ற இலவச எண்ணிலோ புகாரைப் பதிவு செய்யலாம்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போகவேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் இருக்கிறது. அங்கே காலக்கெடு இரண்டு ஆண்டு.

ஒரு எச்சரிக்கை. "ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிலிருந்து பேசுகிறோம், உங்கள் பழைய பாலிசிக்குப் போனஸ் வந்திருக்கிறது, முதலில் இவ்வளவு கட்டுங்கள்" என்று போன் வந்தால் அது மோசடி. அந்த ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் தருவதும் இல்லை. ஒரு முறை ஏமாந்தவரைத் தேடித்தான் இந்த அழைப்புகள் வருகின்றன.

குடும்பமும் ஜமாஅத்தும்

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியது. அல்பகராவின் 282-ஆம் வசனமான அதில், கடன் வாங்கியவர் தானே எடுத்துச் சொல்ல முடியாத பலவீனராக இருந்தால், அவருடைய பொறுப்பாளர் நீதியோடு எடுத்துச் சொல்லட்டும் என்று வழிகாட்டப்படுகிறது. எழுதுவதற்குச் சாட்சிகளும் வேண்டும். நம் வீடுகளில் இந்த ஒழுங்கு இருந்தால் போதும். அத்தாவோ அம்மாவோ வங்கிக்குப் போகும்போது பிள்ளைகளில் ஒருவர் கூடப் போகவேண்டும். எந்தப் படிவமானாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டு, மறுநாள் கையெழுத்து போடலாம். இன்றே போட்டாகவேண்டும் என்று அவசரப்படுத்தும் திட்டம் நமக்கு வேண்டாம்.

ஏற்கெனவே போட்டிருந்தால் பிள்ளைகள் கோபத்தைக் காட்டவேண்டாம். அந்தப் பணம் அவர்கள் முதுகு ஒடிந்து சம்பாதித்தது. பிள்ளைகள் ஏசினால் அவர்கள் அடுத்த ஏமாற்றத்தையும் மறைப்பார்கள்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு நாள், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், படித்த இளைஞர்கள் இருவரைப் பள்ளிவாசலில் உட்காரவையுங்கள். பெரியவர்கள் தங்கள் பத்திரங்களைக் கொண்டுவந்து காட்டட்டும். யார் உயிருக்குப் பாலிசி, எத்தனை வருடம் கட்டவேண்டும், 30 நாள் எப்போது முடிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். புகார் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். மிம்பரில் நின்று இன்சூரன்ஸ் கூடாது என்று சொல்லும் நாம், அதில் மாட்டிக்கொண்டவர் வெளியே வரும் வழியையும் அதே மிம்பரிலிருந்து சொல்லவேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே ஒரு வார்த்தை கேளுங்கள்: "வங்கியில் ஏதாவது கையெழுத்து போட்டீர்களா?" அன்போடு கேட்டால் சொல்லிவிடுவார்கள். 30 நாளுக்குள் சொன்னால் பெரும்பாலும் பணம் முழுதாகவே திரும்பிவிடும். வல்ல அல்லாஹ் நம் பெற்றோரின் முதுமையையும் அவர்களின் ஹலாலான சம்பாத்தியத்தையும் பாதுகாப்பானாக. ஆமீன்.