மெத்தை கட்டிலுக்கா, முதுகுக்கா?

காலையில் கண் விழித்ததும் உங்கள் வீட்டில் முதலில் கேட்கும் சத்தம் எது? காக்கை கரைவதா, குக்கர் விசிலா? நிறைய வீடுகளில் அதற்கும் முன்னால் கேட்பது, 'அம்மாடி... இடுப்பு!' என்கிற முனகல்தான். ராத்திரி முழுக்கப் படுத்து எழுந்த உடம்பு லேசாக அல்லவா இருக்க வேண்டும்? படுக்கும்போது இல்லாத வலி, விடியும்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

'வயசாச்சு', 'வாயுத் தொல்லை', 'நேத்து குடம் தூக்கினேன்' என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வோம். தைலம் தேய்ப்போம். ஒத்தடம் கொடுப்போம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்வோம். ஆனால், தினமும் ஏழெட்டு மணி நேரம் நம் முதுகைத் தாங்கிக்கொண்டு கிடக்கிற மெத்தையை மட்டும் சந்தேகப்படவே மாட்டோம்!

காரணம், பல வீடுகளில் அது கல்யாணத்துக்குச் சீராக வந்த மெத்தை. கட்டில், மெத்தை, பீரோ என்று வண்டியில் வந்து இறங்கியது. மகள் காலேஜ் போகிற வயசு வந்த பிறகும் அதே மெத்தைதான். நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். ஓரத்தில் தையல் பிரிந்திருக்கும். மேலே நல்ல பெட்ஷீட் விரித்துவிட்டால் வருகிற விருந்தாளிக்குத் தெரியாது. முதுகுக்குத் தெரியுமே!

கட்டாந்தரை வைத்தியம்

'முதுகுவலியா? கட்டாந்தரையில படு, எல்லாம் சரியாயிடும்.' இந்த யோசனையைக் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஒரு காலத்தில் டாக்டர்களே 'கெட்டியான படுக்கையில் படுங்கள்' என்றுதான் சொல்லி அனுப்பினார்கள்.

இதை ஸ்பெயின் நாட்டில் முறைப்படி சோதித்துப் பார்த்தார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கெட்டியான மெத்தை, இன்னொரு பிரிவுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, படுத்திருக்கும்போது வருகிற வலி, எழுந்திருக்கும்போது வருகிற வலி, அன்றாட வேலைகளில் ஏற்படும் சிரமம் மூன்றிலுமே நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான் கூடுதல் குணம் தெரிந்தது. 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவு இது. ஆனாலும் இன்றைக்கும் நம் வீடுகளில் 'கெட்டியா இருந்தாத்தான் நல்லது' என்பதே வேதவாக்கு.

ஏன் அப்படி என்று பார்க்கலாம். நம் முதுகெலும்பு நேரான கம்பி அல்ல. கழுத்தில் முன்பக்கமாக, நடுமுதுகில் பின்பக்கமாக, இடுப்பில் மறுபடியும் முன்பக்கமாக மெதுவாக வளைந்திருக்கிறது. வெறுந்தரையில் மல்லாந்து படுத்தால் இடுப்புக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விழும். ஒருக்களித்துப் படுத்தாலோ, தோளும் இடுப்பெலும்பும் மொத்த பாரத்தையும் வாங்கிக்கொள்ளும். மரத்துப் போகும். புரண்டு புரண்டு படுப்போம்.

சரி, பஞ்சு மாதிரி மெத்துமெத்தென்று இருந்தால்? அதுவும் கெடுதல்தான். உடம்பிலேயே கனமான பாகம் இடுப்பு. அது பள்ளத்தில் இறங்கிவிடும். தூளியில் கிடக்கிற மாதிரி முதுகு வளைந்து நிற்கும். ஆக, தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்க வேண்டும். இடுப்பு வளைவுக்குக் கீழே தாங்கலும் இருக்க வேண்டும். நல்ல மெத்தைக்கு இலக்கணம் இவ்வளவுதான்.

பாயில் படுத்துப் பழகி, காலையில் சுறுசுறுப்பாக எழுந்திருக்கிறீர்களா? பேஷாகத் தொடருங்கள். யாரும் உங்களைக் கட்டிலில் ஏற்றப் போவதில்லை. ஆனால், முழங்கால் தேய்ந்த பாட்டியையும், ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகிற தாத்தாவையும் தரையில் படுக்க வைப்பது சரியில்லை. தூக்கக் கலக்கத்தில் கையை ஊன்றி, சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறார்களே, அப்போது தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அவர்களுக்குக் கட்டில் ஆடம்பரம் இல்லை, பாதுகாப்பு. உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் படிகிற உயரத்தில் இருந்தால் போதும்.

'ஆர்த்தோ' என்றால் ஆச்சா?

இன்னொரு பக்கம் விளம்பரம். 'ஆர்த்தோ', 'ஸ்பைன்', 'டாக்டர்' என்றெல்லாம் பெயர் எழுதி, பக்கத்தில் முதுகெலும்புப் படமும் போட்டுவிட்டால் நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. பெரும்பாலும் இவை கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொள்கிற பெயர்கள். ஒரு கம்பெனியின் 'ஆர்த்தோ' பலகை மாதிரி இருக்கும். இன்னொன்றின் 'ஆர்த்தோ' அல்வா மாதிரி இருக்கும். பெயரைப் பார்த்து வாங்குவதில் அர்த்தமே இல்லை.

விலை கூடக் கூட வலி குறையும் என்பதும் கிடையாது. விலை உயர்ந்த மெத்தை வாங்கிவிட்டால் மூட்டுத் தேய்மானமே மறைந்துவிடும் என்று காத்திருந்தால், அது இலவு காத்த கிளியின் கதைதான்!

இலவு என்றதும் சொல்ல வேண்டும். போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தை நம் ஊர் வெயிலுக்குச் சுகமானது. ஆனால், நாளாக ஆக அமுங்கிக் கட்டி தட்டும். அவ்வப்போது வெயிலில் போட வேண்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து, பஞ்சை அடித்து, மறுபடி தைக்க வேண்டும். அதைச் செய்யாமல் 'பஞ்சு மெத்தையே சரியில்லை' என்றால் அது பஞ்சின் குற்றமா?

தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்துச் செய்கிற காயர் மெத்தை கெட்டியானது, காற்றோட்டமும் உண்டு. நடுத்தரம் வேண்டும் என்கிறவர்கள் அதன் மேல் ஃபோம் அல்லது லேடெக்ஸ் அடுக்கு சேர்த்த மெத்தையைப் பார்க்கலாம். ஃபோம் வாங்கினால் 'டென்சிட்டி எவ்வளவு?' என்று கேளுங்கள். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை இருக்கும் என்று பொருள். இந்த எண் பெரும்பாலும் உழைப்பைச் சொல்லும். கெட்டியா, மெத்தென்றா என்பதைச் சொல்லாது. அதைப் படுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெமரி ஃபோம் என்பது 1966-ல் அமெரிக்காவின் நாசா விமான இருக்கைகளுக்காக உருவாக்கச் செய்த பொருள். உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு ஏற்ப அமுங்கும். தோள்வலி, இடுப்பு எலும்பு உறுத்தல் உள்ளவர்களுக்கு இதமாக இருக்கலாம். ஆனால், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏ.சி. இல்லாத மாடி வீட்டில், மே மாதத்தில்... யோசித்துக்கொள்ளுங்கள்!

கடைக்கு யார் போவது?

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் வீடுகளில் மெத்தை வாங்கக் கடைக்குப் போவது அப்பாவும் பையனும். வலி அம்மாவுக்கு. அவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பார். கடையில் மெத்தையைக் கையால் ஒரு அமுக்கு. 'நல்லாத்தான் இருக்கு, பில் போடுங்க!' கை என்ன மெத்தையிலா தூங்கப் போகிறது?

புது மெத்தை வந்ததும் அது எந்த ரூமுக்குப் போகிறது என்று பாருங்கள். பையன் ரூமுக்கு, இல்லையென்றால் விருந்தாளி ரூமுக்கு. பழைய பள்ள மெத்தை மாமியாருக்கு. 'எனக்கு எதுக்குடா மெத்தை? ஒரு ஜமக்காளம் போதும்' என்று அம்மா சொன்னால், உடனே நாமும் ஒப்புக்கொள்கிறோம். அது திருப்தியா, விட்டுக்கொடுப்பா என்று ஒரு தடவையாவது கேட்டதுண்டா? வீட்டில் யாருக்கு அதிக வலியோ அவருக்குத்தான் நல்ல படுக்கை. இதில் வயசு, சம்பாத்தியம், ஆண் பெண் என்ற கணக்கெல்லாம் கூடாது.

ஆகவே, வலி உள்ளவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாக எப்படிப் படுப்பாரோ அப்படியே ஒரு பத்து நிமிஷம் படுக்கட்டும். கூச்சப்பட வேண்டாம், காசு கொடுப்பது நீங்கள்! மல்லாந்து படுத்ததும் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை ரொம்பக் கெட்டி. நுழையவே இல்லை, புரள்வதும் கஷ்டம் என்றால் ரொம்ப மெத்து. ஒருக்களித்துப் படுக்கும்போது பின்னால் நின்று பாருங்கள்; கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவர் படுக்கிற மெத்தை என்றால் இருவரும் போக வேண்டும். ஒருவர் 50 கிலோ, இன்னொருவர் 85 கிலோ என்றால் ஒரே மெத்தை இருவருக்கும் ஒத்துவராமல் போகலாம். இரண்டு ஒற்றை மெத்தைகளைச் சேர்த்துப் போட்டால் குடும்ப கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது சில கம்பெனிகள் வீட்டில் சில வாரம், சில மாதம் படுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்கின்றன. நல்ல ஏற்பாடுதான். நிபந்தனைகளைப் படித்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

காசில்லாமல் என்ன செய்யலாம்?

புதுசு வாங்க இப்போது வசதியில்லையா? முதலில் கட்டிலைப் பாருங்கள். நாடா தொய்ந்த கட்டிலில் எந்த மெத்தையும் பள்ளம்தான். அடியில் ஒரு பிளைவுட் பலகை போடுங்கள். மெத்தையின் தலைமாட்டை கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியிலும், ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கு நடுவிலும் ஒரு தலையணை. எழுந்திருக்கும்போது நேராக எம்பாமல், பக்கவாட்டில் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். பாதி முனகல் அடங்கிவிடும்.

அதற்காக நல்ல மெத்தை கிடைத்ததென்று நாள் பூராவும் படுத்திருக்கக் கூடாது. திடீர் இடுப்புவலி வந்தவர்களைப் பின்லாந்தில் ஆராய்ந்து 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். படுக்கையில் ஓய்வெடுத்தவர்களைவிட, முடிந்த அளவு அன்றாட வேலைகளைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள்.

எல்லாப் பழியையும் மெத்தை மேல் போட்டுவிடவும் கூடாது. கால் மரத்துப் பலம் குறைவது, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போவது — இவை இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, எப்படிப் படுத்தாலும் குறையாத ராத்திரி வலி இருந்தாலும் டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். இளவயதில் தினமும் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடமாடினால் சரியாகிறது என்றால், அதுவும் பரிசோதிக்க வேண்டிய விஷயம்.

மற்றபடி, இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் ஒவ்வொருவர் படுக்கையிலும் பெட்ஷீட்டை எடுத்துவிட்டு, ஐந்து நிமிஷம் நீங்களே படுத்துப் பாருங்கள். குறிப்பாக, 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று சொல்கிறவரின் படுக்கையில். அடுத்த போனஸில் எதை வாங்குவது என்ற விவாதத்துக்கே வேலை இருக்காது!